மஞ்சள் படுதாவும் ஒரு விரல் சுண்ணாம்பும்

உங்களில் எத்தனை பேருக்குக் கண்ட்ரோல் துணி ஞாபகம் இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம், தோள்மூட்டு வலிக்கும். தலையை ஆட்டினால் போதும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கடைசியில் சர்க்கார் அளந்து போட்ட துணிக்கும் வரிசை. அந்தக் கோடையில் மதுரையில் எங்கள் தெருவுக்கென்று வந்து இறங்கியது ஒரே மாதிரி நீலக்கோடு போட்ட சீட்டித் துணி. பாவாடை அதில்தான், சட்டை அதில்தான், தலையணை உறையும் அதில்தான். மொட்டை மாடிகளில் துணி காயும்போது பார்த்தால் தெரு முழுக்க ஒரே குடும்பம் குடியிருப்பது போலிருக்கும்.

இதனால் நான் ஒரு நாள் அடி வாங்கினேன். தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து வந்த பக்கத்து வீட்டு அம்மாள், தன் மகள் என்று நினைத்து, முதுகில் ஒன்று வைத்து, "ஒன்னய எம்புட்டு நேரமாத் தேடுறேன், இங்க ஆட்டமா போடுற?" என்று அவர்கள் வீட்டுக்குள் இழுத்துப் போய்விட்டாள். அடுப்படி வரை போன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "அடியாத்தீ, நீயா?" என்று கன்னத்தில் கை வைத்தவள், சமாதானத்துக்கு ஒரு பணியாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினாள். நான் அழுதுகொண்டும் தின்றுகொண்டும் வீட்டுக்கு வந்தேன்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் குப்பி கத்தரிக்கோலை எடுத்தாள். குப்பி என்றால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. அத்தாவுக்கு விளக்குத்தூண் பக்கம் குடைக்கடை. புதுக்குடை விற்பார், பழைய குடைக்குத் துணி மாற்றுவார். அந்தக் குடைத்துணிகளைத் தைத்துக் கொடுப்பவள் வீட்டில் இருந்த குப்பி. தைத்து மிஞ்சிய கறுப்புத் துண்டுகளை ஒரு பனையோலைப் பெட்டியில் சேர்த்து வைத்திருப்பாள். அதிலிருந்து ஒரு பூவை வெட்டி, ஓரத்தை மடித்து, என் பாவாடையின் பின்பக்கம் வைத்துத் தைத்தாள்.

"இனிமே முதுகுல அடிக்க வாரவுக பூவைப் பாத்துட்டு அடிக்கட்டும். இந்தப் பூ மழைக்கு நனையாதுடி, வெயிலுக்கு வாடாது" என்றாள்.

அவ்வளவுதான், தெருவில் சண்டை ஆரம்பித்துவிட்டது. எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பூ வேண்டும். குப்பி எல்லோருக்கும் ஒரே பூ வைக்க மாட்டாள். ஒருத்திக்கு மாங்காய், ஒருத்திக்குப் பிறை, வாய்க்காரி ஒருத்திக்கு ஒரு மிளகாய். ஓதப்போகும் பள்ளியின் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் என்னுடையதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். டயரை வெட்டித் தைத்த செருப்புதான், ஆனால் வாரில் குடைத்துணிப் பட்டையும் பாசிமணியும் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அந்தச் செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது மகன் வாங்கிக் கொடுத்திருக்கும் செருப்பு பஞ்சு மாதிரி இருக்கிறது. ஆனால் பேரன்மார் செருப்போடு கலந்துவிட்டால் எது என்னுடையது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலும் குப்பி எதையும் சும்மா விடவில்லை. துருப்பிடித்த குடைக்கம்பிகளைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு கறுப்புச் சாயம் எடுப்பாள். அதில் பாய்க்குக் கரை போட்டாள். மாதுளை ஓட்டைக் கொதிக்கவைத்துத் தலையணை உறைக்கு ஒரு நிறம் ஏற்றினாள். அரிக்கேன் விளக்குக்கு ஒரு குல்லா, தண்ணீர்க் கூஜாவுக்கு ஒரு சட்டை. அத்தா கூஜாவைப் பார்த்து, "இதுக்கும் கல்யாணமா?" என்பார்.

தனக்கு மட்டும் அவள் எதுவும் செய்துகொள்ளவில்லை. வெள்ளைச் சேலை. கரையும் கிடையாது. குப்பிக்குப் பதினைந்து வயதில் நிக்காஹ் முடித்தார்கள். மாப்பிள்ளை கொஞ்ச நாளில் ரங்கூனுக்குப் போனார், போன இடத்தில் காய்ச்சலில் மவுத்தானார். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள்.

"ஒங்க சேலையிலயும் ஒரு பூ வச்சுக்கங்க குப்பி" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"எனக்கு எதுக்குடி அடையாளம்? தெருவுலயே வெள்ளைச்சேலைக்காரி நான் ஒருத்திதான். பாத்தவுடனே தெரிஞ்சுரும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுமணம் பேசாமல் இல்லை. இரண்டு இடங்கள் வந்து போயிருந்தன. அத்தா வந்து கேட்பார், குப்பி பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். மௌனம் சம்மதம் என்று அம்மா சொன்னபோதுதான் குப்பி திரும்பிப் பார்த்துப் பேசினாள்.

"மதினி, மொதத் தடவை வெக்கத்துல தலையக் குனிஞ்சேன். அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டீக. யாரும் என் வாயால கேக்கல. இந்தத் தடவை என்னைய ஒருத்தராவது ஒழுங்காக் கேக்கட்டும். கேட்டா நான் சொல்றேன்."

அத்தாவுக்கு அது பிடிபடவில்லை. நான்தானே கேட்கிறேன், இன்னும் எப்படிக் கேட்பது என்று அவருக்குக் குழப்பம். அத்தா கேட்பது எப்படியென்றால், "நல்ல இடம், வரச் சொல்லிட்டேன், என்ன சொல்ற?" என்பதுதான். முடித்துவிட்டுக் கேட்பதற்குப் பெயர் கேள்வி இல்லை என்பது எனக்கே என் கல்யாணத்தின்போதுதான் புரிந்தது. மூன்றாவதாக உசிலம்பட்டியிலிருந்து ஓர் இடம் வந்தது. பலசரக்குக் கடை, மஞ்சள் மொத்த வியாபாரம், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. "இதுவும் போச்சுன்னா இனிமே நான் யாரையும் கூப்பிட மாட்டேன், ஆத்தா. கடைசி வரைக்கும் குடைத்துணியத் தச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று அத்தா தங்கையிடம் சொல்லிவிட்டார். குப்பி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுழையவே இல்லை.

அவர்கள் வருவதற்கு முன்னால் அத்தா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "கைம்பொண்ணு இருக்கிற வீடு மாதிரியா இருக்கு? கூத்துக் கொட்டகை மாதிரியில்ல இருக்கு! எல்லாத்தையும் எடுங்க" என்றார். தலையணை உறைகள், விளக்குக் குல்லா, கூஜாச் சட்டை எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. என் செருப்பும் போனது. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆனது.

எடுக்க முடியாமல் மிஞ்சியது படுதா ஒன்றுதான். எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டினால் கூடம், ஆண்கள் உட்காரும் இடம். அதற்கும் பெண்கள் இருக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கும் படுதா கிழிந்துபோய், கண்ட்ரோலில் கிடைத்த மல் துணியில் குப்பி புதிதாக ஒன்று தைத்திருந்தாள். சோளத்தை ஒவ்வொன்றாகத் துணிக்குள் வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, இடித்த மஞ்சளைக் கொதிக்கவைத்து அதில் முக்கி எடுத்திருந்தாள். முடிச்சை அவிழ்த்தபோது மஞ்சள் முழுக்க வெள்ளை வெள்ளை வட்டங்கள். வெயிலில் அந்த மஞ்சள் சீக்கிரம் வெளுத்துப் போகும். போனால் மறுபடி முக்குவாள். அதைக் கழற்றினால் மாட்டுவதற்கு வீட்டில் வேறு துணி இல்லை. அத்தா முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

ஜும்மா தொழுகை முடிந்து உசிலம்பட்டிக்காரரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். அக்கா நேரே உள்ளே போய்க் குப்பியைப் பார்த்தார், முகத்தைத் தடவினார், பிறகு என் அம்மாவோடு முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பெண்ணை மாப்பிள்ளை பார்க்கும் வழக்கம் எங்களில் அப்போது கிடையாது. கூடத்தில், படுதாவை ஒட்டிப் போட்ட பாயில் அவர் உட்கார்ந்தார். நெட்டையான ஆள், கிராப்பில் கொஞ்சம் நரை. படுதாவுக்கு அந்தப் பக்கம் குப்பி தனியாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் நான். வெற்றிலைத் தட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோனதும் நான்தான்.

கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட, "இந்தா வந்துர்றேன் மாப்ள" என்று அத்தா தெருவுக்குப் போனார். மாப்பிள்ளை வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவினார். வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பக்கத்தில் இருக்கும் தூணில் இழுகுவார்கள், இல்லையென்றால் சுவரில். அன்றைக்குச் சுவர் புத்தம் புதிதாக இருந்தது. அவர் கை தானாகப் படுதாவின் ஓரத்தில் போய்த் துடைத்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும்? ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி. மஞ்சள் வியாபாரிக்குத் தெரியாத சங்கதியா அது? ஆனாலும் திருடன் மாதிரி விழித்தார். பெண் கேட்க வந்த வீட்டுப் படுதாவில் கறை. விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார், புள்ளி பெரிதானது. நான் வாயைப் பொத்திக்கொண்டு படுதாவுக்கு அடியில் நுழைந்து உள்ளே ஓடினேன்.

குப்பி ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மல் துணியில் ஆள் தெரியாது, ஈரம் ஊறிவிடும். அவள் பக்கத்திலும் சிவப்பு பூத்திருந்தது. பிறகு அம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, விரலில் தொட்டு, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள்.

நான் கூடத்துக்கு ஓடினேன். தன் கண்ணெதிரே துணியில் இன்னொரு சிவப்பு முளைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு புள்ளி வைத்தார். அந்தப் பக்கமிருந்து ஒன்று வந்தது. ஒரு வெள்ளை வட்டத்தைச் சுற்றி இதழ் இதழாகச் சிவப்பு சேர்ந்து பூவாகிக்கொண்டிருந்தது. அடுத்த பிள்ளைகளுக்கெல்லாம் பூ வைத்த குப்பிக்கு முதல்முறையாக ஒருவர் பூ வைக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏதோ விளையாட்டு, என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றுதான் கோபம்.

ஓர் இதழுக்கு இடம் மிஞ்சியிருந்தபோது அவர் நிறுத்திக்கொண்டார்.

"பாப்பா, உள்ள இருக்கவுகள்ட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். என்னிடம் சொன்னாலும் குரல் படுதாவுக்குத்தான். "இந்த ஏற்பாட்டுல அவுகளுக்குச் சம்மதந்தானா? யாருக்காகவும் சொல்ல வேண்டாம். சம்மதம்னா மிச்சமிருக்க எடத்துல ஒரு புள்ளி வைக்கட்டும். இல்லையா, எலுமிச்சம்பழத்தத் தேச்சு எல்லாத்தையும் அழிச்சுரட்டும், பழையபடி மஞ்சளாயிரும். நான் ஒண்ணும் நெனச்சுக்கிற மாட்டேன், ஒங்க அத்தாவுக்கு ஏதாச்சும் சாக்குச் சொல்லிக்கிர்றேன்."

முற்றத்தில் அவருடைய அக்கா மீன் குழம்பைப் புகழ்வது கேட்டது. தெருவில் அத்தாவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அப்போது படுதாவில், மிச்சமிருந்த இடத்தில், ஒரு புள்ளி மெல்லச் சிவந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். நரைத்த மனிதருக்கு அப்படி ஒரு வெட்கம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உள்ளே வந்த அத்தா படுதாவைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் என் தலையில் ஒரு குட்டு. "சுண்ணாம்ப வச்சு வெளாடுறியா? வந்த எடத்துல இப்பிடியா மானத்த வாங்குவ?"

"பிள்ளைய அடிக்காதீக, நாந்தான் கை தவறி..." என்றார் அவர்.

"நீங்க பெரிய மனசு மாப்ள, பழிய ஏத்துக்கிறீக" என்றார் அத்தா.

அதோடு போயிருக்கலாம். அவர்கள் விடைபெறும் நேரம், அக்கா குப்பியை முற்றத்துக்கு அழைத்துப் போய் அவள் தலையில் கைவைத்து ஓதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வீட்டில் கறை இருந்தால் கை சும்மா இருக்காது. ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து எடுத்துக்கொண்டு உள்ளறையில் படுதாவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் கூடத்தில் நின்றேன். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணெதிரே புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. தேய்க்கும் கை யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அது அம்மா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பெரியவுக பொறப்படும்போது குறுக்க பேசாத!" என்று அத்தா என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். உச்சி வெயில் இறங்காத நேரம், குடையைக் கூடச் சுவரோரமே மறந்து வைத்துவிட்டுப் போனார்.

குப்பி திரும்பி வந்து படுதாவைப் பார்த்தாள். முழு மஞ்சள். நான் நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "மதினி வேலைன்னா சுத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுதாவின் அந்த ஓரத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா எலுமிச்சை மூடியால் பித்தளைச் செம்பைத் தேய்த்துக்கொண்டே, "கறை இருந்த தடமே தெரியல பாத்தியா" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரிச் சோறு வேண்டாம் என்றுவிட்டேன். பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்று வேப்பிலைச் சாறு கொடுத்தார்கள்.

"பதிலே இல்ல. மனசுக்குப் பிடிக்கல போல. குடைய மறந்து ஓடியிருக்காருன்னா பாரேன்" என்று அத்தா சில நாள் புலம்பினார். ஆனாலும் குடைக்காரர் இல்லையா, அடுத்தவர் குடையை அப்படியே திருப்பி அனுப்ப மனம் வராது. விரித்துப் பார்த்தார். ஒரு கம்பியின் முனையில் தையல் விட்டிருந்தது. "இத ஒரு தையல் போட்டுக் குடு, ஆத்தா. உசிலம்பட்டிக் கரி பஸ்ல குடுத்து விட்டுர்றேன்" என்று, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸை நம்பி, குப்பியிடமே கொடுத்தார்.

தன் கையால் கொடுத்தார் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குப்பி குடையை வாங்கி மடியில் வைத்து விரித்துப் பார்த்தாள். பிறகு ஓலைப் பெட்டியைத் திறந்து, படுதா தைத்து மிஞ்சிய மஞ்சள் துணியில் ஒரு சின்ன வட்டம் வெட்டினாள். கம்பிகள் ஒன்றுசேரும் உச்சியில், உள்பக்கம், அதை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். சுண்ணாம்பு டப்பியை என்னை எடுத்துவரச் சொன்னாள். நடுவில் ஒரு புள்ளி. விரலை எடுத்ததும் அது சிவப்பதை இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். குடையை மடக்கிவிட்டால் எதுவும் தெரியாது. விரித்து, தலைக்கு மேல் பிடித்து, நிமிர்ந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

"பாப்பாரா குப்பி?"

"வெயில் அடிக்குதுல்ல" என்றாள் குப்பி.

அந்தக் கோடையில் வெயில் நன்றாக அடிக்க வேண்டும் என்று துவா கேட்ட ஒரே பிள்ளை மதுரையில் நானாகத்தான் இருப்பேன். இரண்டு நாள் மேகம் போட்டது. தெருவே மழை மழை என்று குதித்தது, நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் மேகம் கலைந்து வெயில் பொரிந்தது.

ஒரு வியாழக்கிழமை அவருடைய அக்கா தட்டோடு வந்து இறங்கினார். தட்டில் பழம், சர்க்கரை, ஒரு வெள்ளைச் சேலை. மறுமணம் என்பதால் பெரியவர்கள் பார்த்து எடுத்த வெள்ளை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பனையோலைக் கொட்டான். அத்தா அதைத் திறந்து பார்த்தார். கொட்டான் நிறைய விரலி மஞ்சள், மேலே புத்தம் புதிதாக ஒரு சுண்ணாம்பு டப்பி.

"என்ன இது?" என்றார் அத்தா.

"தம்பி வைக்கச் சொன்னான், வச்சேன்" என்றார் அக்கா. அவருக்கும் விவரம் தெரியவில்லை.

அக்கா உள்ளே போனதும் அத்தா அம்மாவின் காதில், "நிச்சயத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்புமா? கடையில விக்காம கெடந்ததை அள்ளிப் போட்டிருக்கான். பலசரக்குக்காரன் புத்தி போகுமா?" என்றார். உள்ளே குப்பி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

அந்த வெள்ளைச் சேலையில் குப்பி நாள் முழுக்க உட்கார்ந்து சோளம் வைத்து முடிச்சுப் போட்டாள். நானும் போட்டேன். என் முடிச்சுகளில் பாதி அவிழ்ந்துபோய், அந்த இடமெல்லாம் வட்டம் விழாமல் வெறும் மஞ்சளாகவே நின்றது. பரவாயில்லை என்று அதையும் வைத்துக்கொண்டாள். அனுப்பிய மஞ்சள் எல்லாம் அந்தச் சேலைக்கே போனது. கரைக்கு விரலால் சிவப்புப் புள்ளி வைத்தாள். நிக்காஹுக்கு அதைத்தான் உடுத்தினாள். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது, "எங்க வீட்டுச் சேலை, அது இனி அவ இஷ்டம்" என்று அவருடைய அக்கா அடக்கிவிட்டார்.

சாட்சிகளோடு அத்தா படுதாவுக்கு அருகில் வந்து நின்று, மாப்பிள்ளையின் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "ஒனக்குச் சம்ம..." என்பதற்குள் உள்ளேயிருந்து கணீரென்று வந்தது: "சம்மதம்."

சாட்சி ஒருவர் திடுக்கிட்டுப்போனார். "பொண்ணு கொஞ்சம் வெக்கப்படக் கூடாதா?" என்றார்.

"கேட்டீக, சொன்னேன்" என்றாள் குப்பி.

அத்தா கடைசிவரை தன் மச்சானைக் கஞ்சன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குப்பியும் மறுக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு விருந்து முடிந்து பார்த்தால், கூடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே படுதாவில் ஒரு புதுச் சிவப்புப் புள்ளி. அதை ஒட்டி இன்னொன்று. அம்மாவின் கண்ணில் அது படாமல் இருக்குமா? "ஐயய்யோ, மறுபடியும் கறை!" என்று அடுப்படிக்கு ஓடினாள். சர்பத்துக்கென்று கூடை நிறைய வாங்கி வைத்ததில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தைத் தேடினாள், பானைக்குப் பின்னால் தேடினாள், உறியில் தேடினாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கிடைக்காது. சர்பத் கலக்கி முடித்ததுமே மிச்சத்தையெல்லாம் நான் கிணற்றில் போட்டுவிட்டேன்.